பெயர் வெட்டிய குளிசைகள்

1. அத்தான் கட்டார் நாட்டிலிருந்து வந்த மறுநாள் காலை, அக்காவின் அலுமாரியில் ஒரு கடித உறையைக் கண்டார். உள்ளே பெயரில்லாத இரண்டு வெள்ளைக் குளிசைகள்.
2. என்ன குளிசை என்று கேட்டார். அக்கா, விற்றமின் என்றாள்.
3. மாதவிடாய் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள்.
4. இடது காதோடு சேர்த்து அறைந்தார். பிறகு வீடு கூட்டுகிற தும்புத்தடியால், அது முறியும்வரை அடித்தார்.
5. இடையில் போன அம்மாவைத் தள்ளினார். வாசற்படியில் விழுந்து அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது.
6. சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து ஓடிவந்த நான், அவரிடம் மூன்று நாள் தவணை கேட்டேன்.

ஆறாவது என் பிழை. அதற்கு முன்னால் இன்னொரு பிழையும் இருக்கிறது.

அத்தானுக்கு வேலை நிலைக்க வேண்டும் என்று அக்கா கண்ணகி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கோயில் கதவு திறந்த நாளிலிருந்து கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு வரை ஏழு நாளும் அங்கே நிற்பதாக நேர்த்தி. மூன்றாம் நாள் அவளுடைய மாதவிடாய்த் திகதி. எங்கள் ஊரில் அந்தக் கிழமை பல பெண்கள் குளிசை போட்டுத் தள்ளிவைப்பார்கள். ஆண்களுக்குச் சொல்வதில்லை. அக்கா வைத்தியரிடம் எழுதுவித்தாள், நான் வாங்கிவந்தேன். வீட்டில் யாரும் வாசித்துவிடக் கூடாதென்று குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து உறையில் போட்டேன். பெயர் இருந்த அட்டையை வெட்டி எறிந்தேன். ஆய்வுகூடத்தில் பெயரில்லாத மாதிரி ஒன்று வந்தால் திருப்பி அனுப்புகிறவள் நான்.

அந்தக் குளிசை செய்வது இதுதான். மாதத்தின் முதற்பாதியில் ஈஸ்திரஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக்கும். முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்தரோன் அந்தச் சுவரைத் தாங்கி நிற்கும். கரு தங்காவிட்டால் அது சடுதியாகக் குறையும். அப்போது சிறு இரத்தக்குழாய்கள் முறுக்கி இறுகி, சுவர் மூச்சுமுட்டிச் செத்து, உடைந்து வழியும். குளிசையில் இருப்பது புரொஜெஸ்தரோன் போன்ற ஒன்று. அதை விழுங்கும்வரை சுவர் நிற்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் விழும்.

அத்தானுக்குத் தெரிந்தது கணக்கு மட்டும். டிக்கெட் போடும்போதே அக்காவின் திகதியைக் கேட்டுக் குறித்திருந்தார். ஐந்து நாள் பிந்தியிருந்தது. அவர் வந்து ஒரு நாள்தான்.

"அது கோயிலுக்குப் போட்ட குளிசை, அத்தான். நான்தான் வாங்கிக் குடுத்த."

"அப்ப விற்றமின் எண்டு ஏன் சொன்னவள்?"

"வெக்கத்தில."

"கலைக்கிற குளிசைக்கும் வெக்கம் வரும். போட முந்தி நான் கண்டுட்டன்."

"சலம் சோதிச்சு, கரு இல்ல எண்டு காட்டுறன்."

"நீ எழுதுற கடதாசியில உனக்கு வேண்டினதுதானே வரும்."

"நேத்து ராவோட நிப்பாட்டியாச்சு. மிச்சம் உங்கட கையில. மூணு நாளைக்குள்ள வரும். அதுவரைக்கும் அவவில கை வைக்காதீங்க."

"வரட்டும். வராட்டி உன்ட அக்காவ ஆத்துக்குள்ளதான் தேடணும்."

ஆறு என்று அவர் சொன்னது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாவியை. அக்காவை அறைக்குள் தள்ளிப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெட்டுக்கத்தியோடு கதவருகே கதிரை போட்டு இருந்தார். பொலிஸ் வாசலுக்கு வருமுன் முடித்துவிடுவேன் என்றார். நம்பினேன். அம்மா ஆஸ்பத்திரியில், கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான் யன்னலால் சோறும் தண்ணீரும் கொடுத்தேன். அக்காவின் காதிலிருந்து நீர் வடிந்து தலையணையில் காய்ந்திருந்தது.

"வராட்டி என்ன செய்யிற, தங்கச்சி?" என்று கேட்டாள்.

வரும் என்றேன். புத்தகத்தில் இரண்டு மூன்று நாள். அடிபட்ட உடம்புக்கு எத்தனை நாள் என்று அதில் இல்லை.

மூன்றாம் நாள் விடியும்போது அக்கா உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். அத்தான் திறந்தார். அவளுடைய பாவாடையைப் பார்த்தார். கத்தியைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

"சரி. தேத்தண்ணி ஊத்து," என்றார்.

அக்கா குசினிக்குப் போகவில்லை. அவருடைய பெரிய பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வீதியில் தள்ளினாள். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் அங்கே வந்து வாழ்கிறவர்.

"இது எனக்குத் தந்த வீடு. நீங்க வந்த ஆள். போங்க."

அவர் அவளுடைய தலைமயிரைப் பிடித்துத் தூணில் மோதினார். சுவரில் சாய்த்திருந்த தோணித் துடுப்பை நான் எடுத்தேன். அவருடைய கைமுட்டியில் அடித்தேன். எலும்பு உடைந்தது கேட்டது. அவர் பிடியை விட்டார். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. ஆனாலும் அடித்தேன்.

அக்காவுக்கு இடது காது கேட்பதில்லை. அம்மாவின் மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. அவர் தன் தாயின் வீட்டில் இருக்கிறார். என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார், நாங்கள் அவர்மேல் கொடுத்திருக்கிறோம். இரண்டு வழக்கும் நடக்கின்றன. வீட்டுச் சாவி அக்காவிடம் இருக்கிறது.