தீரி பனியில் ஓடிய நாள்

எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக வரும், நடுவில் மறந்தும் போவேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். கூட்டத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்கு முன்னால் அவ்வளவு கூச்சமில்லை.

இன்று காலை கரண்ட் இருக்கும்போதே துணியை இஸ்திரி போட்டுவிடலாம் என்று பழைய பெட்டியை எடுத்தேன். சூடு ஏறினதும் ஒரு மெழுகு வாசம். உடனே தங்கை மகள் தீரி ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பெட்டியை வைத்துத்தான் அவள் பனியில் சறுக்கி ஓடுகிற கட்டைகளுக்கு அடியில் மெழுகை உருக்கித் தேய்ப்பாள். ரங்கூனில் பனி எங்கே என்று கேட்காதீர்கள். எங்கள் பேட்டை தின்கன்ஜூன் முழுக்க அதைத்தான் கேட்டது.

தீரிக்கு அப்பா பர்மாக்காரர். அவள் பேச்சு பாதி பர்மா, பாதி தமிழ். ஜப்பானில் ஒரு மலை ஊர் ஹோட்டலுக்கு அறை கூட்டுகிற வேலைக்குப் போனாள். லீவு நாளில் சறுக்கப் பழகினவள், பந்தயத்திலும் சேர்ந்துவிட்டாள். மலையிலிருந்து சர்ரென்று இறங்குகிற விளையாட்டு இல்லை இது. மேடு பள்ளம் எல்லாம் இரண்டு கம்பை ஊன்றித் தள்ளித் தள்ளிப் போகவேண்டும். நாலு சுற்று. முன்னால் போகிறவள் முழுச் சுற்று வந்து நம்மைப் பிடித்துவிட்டால், அங்கேயே கையைக் காட்டி வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டு பந்தயம் ஓடினாள், இரண்டிலும் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“ஒரு தடவ முடியிற கோட்டைத் தாண்டணும் பெரியம்மா. கடைசியா வந்தாலும் பரவால்ல,” என்பாள்.

ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் எட்டு மாதம் இங்கேயே பழகினாள், சக்கரம் வைத்த சின்னக் கட்டையில். விடிந்ததும் ரோட்டில் இறங்கினால் தெருநாய் எல்லாம் அவள் பின்னால். அதனால் கோ ஆங் என்பவர் மிதிக்கிற சைக்காவில், பக்கத்தில் ஆள் உட்காருகிற சைக்கிள் வண்டியில், நான் மூங்கில் கம்போடு உட்கார்ந்து போவேன். நாலு பேர் பார்த்தால் தலை குனிகிற நான், நாய் விரட்டிக்கொண்டு ஊர்வலம்! அதுவும் பர்மா நாய்கள். தமிழில் விரட்டினால் நின்று யோசிக்கும்.

டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் விடுவார்களா? “மா தீரி, ரோட்டுல துடுப்புப் போடுறியா? த்வாண்டே கால்வாய்க்குப் போ, அங்க தண்ணி இருக்கு!”

“படகு நீங்க வாங்கித் தாங்க, ஊலே,” என்று அந்த மாமாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போவாள்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். நிஜப் பனிக்கட்டை இரண்டையும் துணியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருந்தாள். ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன், கத்தரிக்கோலுக்கு வைத்தேன், கோ ஆங் வண்டிக்குக்கூட வைத்தேன். பிள்ளையின் ஆயுதத்தை விடலாமா? தீரி வெளியே போயிருந்தாள். கட்டைக்கு எது முகம், எது முதுகு என்று எனக்கு என்ன தெரியும்? வழவழவென்று இருந்த பக்கம்தான் முகம் என்று சந்தனத்தைக் குழைத்துப் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பழையபடி சுற்றி வைத்துவிட்டேன். சொல்லவும் மறந்துபோனேன். அதுதான் பனியில் சறுக்குகிற அடிப்பக்கம். அங்கே தூசி ஒட்டினாலே ஓடாதாம்.

குளிர்காலத்துக்குத் திரும்பிப் போனாள். பந்தயத்துக்கு முதல் நாள் போன்.

“பெரியம்மா, என்னா செஞ்சீங்க? கட்டையெல்லாம் செவப்பு!”

“பொட்டு வச்சேன்டி.”

“அடியிலயா!”

எட்டு மாத உழைப்பை ஒரு கிண்ணம் சந்தனத்தில் முடித்துவிட்டேனே! சாமி படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அரை மணி கழித்து மறுபடி போன். கட்டி வைக்கும்போதே தடிமனாக மெழுகு தேய்த்திருந்தாளாம். அதைச் சுரண்டச் சுரண்டக் குங்குமமும் சேர்ந்து சுருள் சுருளாக வந்துவிட்டதாம். “கூட இருக்கிற ஜப்பான் பொண்ணு கேக்குது, இது உங்க ஊரு மெழுகான்னு,” என்று சிரித்தாள். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் வீட்டில் கரண்ட் இல்லை. டீக்கடையில் ஜெனரேட்டர் ஓடியது. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துத் தெருவே பார்த்தது. மூன்றாவது சுற்று முடிகிற இடத்துக்குத் தீரி வருகிறாள். அவளுக்குப் பின்னாலேயே நாலாவது சுற்றை முடிக்க முதல்காரி வருகிறாள். நடுவில் முப்பது அடி இருந்தால் அதிகம். கொடி பிடித்தவர் கையைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். தூக்கவில்லை. தீரி குனிந்த தலை நிமிராமல் கம்பைக் குத்திக் குத்திக் கடைசிச் சுற்றுக்குள் போய்விட்டாள்! முதல்காரிக்கு அதோடு ஓட்டம் முடிந்தது, இனி இவளைப் பிடிக்க ஆளில்லை. நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேனாம். கோ ஆங் சத்தியம் பண்ணுகிறார். எனக்கு நினைவில்லை.

கடைசிக்கு முந்தினவளாக வந்து, கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் போன். மூச்சுதான் முதலில் கேட்டது.

“யாரும் என்னைக் கூப்பிடல பெரியம்மா.”

கடைக்காரர் எல்லாருக்கும் டீ ஊற்றினார், துடுப்பு என்று கேலி பேசினவருக்கு இரண்டு கிளாஸ். அதற்குப் பிறகு நாலு குளிர்காலம் ஓடினாள். ஒரு தடவைகூட அவளை வெளியே கூப்பிட்டதில்லை.

இப்போது டீக்கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். கோ ஆங் சொந்த ஊருக்குப் போய்விட்டார். தெருவில் வாலிபப் பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு நாட்டில். தீரியும் பந்தயத்தை விட்டு, அங்கேயே குடும்பமாகிவிட்டாள்.

ஓடின தூரம் பத்து கிலோமீட்டரா பதினைந்தா, முதல்காரி எந்த நாட்டுப் பெண் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அவள் கோட்டைத் தாண்டினதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் கண்ணால் பார்த்தேன்.