சூரியனுக்கு முன்னே ஒரு தலை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் மீனவக் குப்பம். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தோடு கால்வாயைத் தாண்டிப் போக வேண்டும். நிறைமாதத்தில் நானும் போனேன். இடுப்பில் குடத்துக்கு ஏது இடம்? தலையில் வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஜனத்தொகைக் கணக்கு எழுத வந்தவர் புதுப்பட்டினத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வீடு வீடாக எழுதி, கடைசியில் கூட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். இந்தக் கணக்கில் இத்தனை தலை இருந்தால்தான் சர்க்கார் கிணறு வெட்டுமாம். எங்களுக்கு ஒரே ஒரு தலை குறைகிறதாம்.

என் மாமியார் என் வயிற்றைக் காட்டினாள். "இத்த எழுதிக்கோயேன் வாத்தியாரே."

"பொறக்காத புள்ளைய எழுதக் கூடாதும்மா. மார்ச் ஒண்ணாந்தேதி சூரியன் உதிக்கிறதுக்குள்ள பொறந்தா எழுதலாம். சரிபாக்க மறுபடி வருவேன்."

அடித்தது எனக்கு யோகம். முதல் இரண்டும் பெண். "மூணாவதும் பொண்ணுன்னா உங்கம்மா வூட்டுக்கே பூடு" என்று பாட்டுப் பாடிய மாமியார், என் குடத்தைப் பிடுங்கித் தானே தண்ணீர் தூக்கினாள். வலி சீக்கிரம் எடுக்கட்டும் என்று ஒருத்தி சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள், இன்னொருத்தி பூண்டுக் கஞ்சி. சிரித்துச் சிரித்து வயிறு குலுங்கியது. பயமும் இருந்தது. பெண்ணாகப் பிறந்தால் நான் எங்கே போவேன்?

கெடுவுக்கு முந்தின சாயங்காலம் வலி எடுத்தது. விடியப் போகிறது, பிள்ளை வருகிற வழியாக இல்லை. ஆண்கள் யாரும் கட்டுமரம் தள்ளவில்லை. கரையில் நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு மேலே சிவந்தது. என் புருஷன் வெளியிலிருந்து, "சூரியன் இன்னும் வரல, முக்கச் சொல்லு" என்றார்.

வந்ததே எனக்கு ஆத்திரம். "நீயே வந்து முக்குய்யா" என்று கத்தினேன். கத்தின வேகத்தில் பிள்ளை வந்து விழுந்தது.

மருத்துவச்சி பார்த்தாள், கொடியை அறுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

மாமியார் குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "சூரியன் வந்துச்சா?"

"வரலம்மா. இன்னா கொழந்த?"

"பொண்ணு."

கரையில் நின்றவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்கிறீங்க? தல ஒண்ணுதானே கேட்டாரு வாத்தியாரு? இதோ கீது பாரு" என்று மாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்.

அப்புறம் கிளம்பிய கூச்சலில்தான் சூரியனே எழுந்து வந்தது என்பேன். எங்கள் குப்பத்தில் பெண் பிறந்ததற்குச் சர்க்கரை கொடுத்தது அதுதான் முதல் தடவை. கிணறு வந்ததும் முதல் குடத்தை மாமியார் தானே இறைத்து, அந்தப் பேத்தி தலையில்தான் ஊற்றினாள். என் மகள் ஊரைக் கூட்டி அழுதாள்.