கம்பத்து ஆசிரியர் பேசிய மொழி

தேனி வட்டாரத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பவர்கள் மொத்தமே ஏழு பேர்தான். 2007 வாக்கில் சங்கமாகச் சேர்ந்தோம். அல்லிநகரத்தில் என் வகுப்பு மாடியில் கூட்டம் நடந்ததால் என்னையே தலைவியாக்கிவிட்டார்கள். பாடப்புத்தகம் வரவழைப்பது, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைச் சென்னைக்குப் பஸ் ஏற்றிவிடுவது, இவ்வளவுதான் என் தலைமை.

எங்களில் சரளமாகப் பேசுபவர் கம்பத்து ஆசிரியர். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். சில வருடம் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவர்.

ஒரு காலையில் அவர் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, அவுகளுக்கு மூளையில ரத்தம் கட்டிருச்சு. தேனி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டாந்திருக்கோம். கண்ணு முழிச்சதுல இருந்து என்னமோ உளர்றாக. எனக்கென்னமோ அது உங்க பாஷை மாதிரி இருக்கு."

ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "சென்செய், மிசு" என்றார். டீச்சர், தண்ணீர். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. கேட்டது யாருக்கும் புரியவில்லை, அவ்வளவுதான். குடித்துவிட்டு, தலை வலிக்கிறது, அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். எல்லாமே சுத்தமான ஜப்பானியம்.

நானும் அதிலேயே கேட்டேன்: "ஏன் தமிழில் பேச மாட்டேன் என்கிறீர்கள்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஜப்பானிய மொழியில் பதில் வந்தது: "தமிழில்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா சொல்றாக?" என்று அவர் மனைவி என் தோளை உலுக்கினாள். ஜப்பானிய மொழிதான் என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டினேன். "பரீட்சை நெருங்குது. நாம வாத்தியாருகளா, ஆஸ்பத்திரி ஆளுகளா?" என்று ஒருவர் கேட்டார். "அவருக்குப் பசிச்சாக்கூட நம்மகிட்டதான் சொல்ல முடியும்" என்றேன். முறை போட்டு ஆளுக்கொரு வேளை அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்படிக் கேட்டவர்தான் முதல் முறைக்குப் போனார்.

வீட்டுக்கு அழைத்துப்போன பிறகும் கம்பத்துக்குப் பஸ் ஏறினோம். அவர் மனைவி எங்களிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் படித்துக்கொண்டாள். ஒருநாள் சிரித்தாள்: "காப்பி குடுத்தா தலையைக் குனிஞ்சு நன்றி சொல்றாகக்கா. கல்யாணமான நாள்ல இருந்து இப்பத்தான் இந்த மரியாதை." சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாதங்கள் போயின. தமிழ் துண்டு துண்டாகத் திரும்பியது. முதலில் மகள் பெயர், பிறகு சோறு, பிறகு சண்டை. எல்லோருக்கும் சந்தோஷம். கம்பத்துக்குப் போவது குறைந்தது; போனாலும் அவரிடம் தமிழில்தான் பேசினோம். வகுப்பை எப்போது திறப்பார் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவரும் மனைவியும் வந்தார்கள். நான் ஜப்பானிய மொழியில் வரவேற்புரை வாசித்தேன். முன்வரிசையில் இருந்தவர் கொஞ்சநேரம் கவனமாகக் கேட்டார். பிறகு மனைவி பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொல்றாக?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவள் விளையாடவில்லை. "எல்லாரும் வந்ததுக்குச் சந்தோசமாம்" என்று அவர் காதில் தமிழில் சொன்னாள். வெகுநாளாக அப்படித்தான் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. தமிழ் வர வர ஜப்பானியம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கையிலிருந்த தாளில் எழுத்துகள் ஓடின. அடுத்த வரி எதுவென்று தெரியவில்லை. எங்கள் சங்கத்துப் போடி ஆசிரியை எழுந்துவந்து, என் கையிலிருந்து அதை வாங்கி மீதியை வாசித்தாள்.