உதைத்தது யார்?

ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்களைக் காலையில் போடிமெட்டுக்கு ஏற்றிப்போய்ச் சாயங்காலம் ஊரில் இறக்கிவிடுவது கன்னையனின் சோலி. ஐம்பதை நெருங்கியும் அவன் எம்பி அடிக்கிற வாலிபாலைத் தடுக்கப் போடியில் ஆள் குறைவு. ஆட்களை இறக்கியதும் ஜீப்பை மைதானத்து ஓரமாகப் போட்டுவிட்டு நேரே வலைக்குப் போய்விடுவான். மற்றவர்கள் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள்.

“ஒரு ரவுண்டு ஓடிட்டு வாங்கண்ணே,” என்பான் அவன் அணியில் ஆடும் விஜயபாண்டி.

“பகல் பூராம் கிளச்சு மிதிச்ச காலுடா. இதுக்கு என்னத்துக்கு ஓட்டம்?”

அன்று மலையில் சாரல். உட்கார்ந்தே வந்ததில் கால் விறைத்திருந்தது. கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே சுரீரென்று இழுக்கும், வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆட்டம் தொடங்கியது. பந்து உயர்ந்து வர, எம்புவதற்குக் காலை ஊன்றினான்.

பட்டென்று ஒரு சத்தம். இடது குதிகாலில் யாரோ கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. விழுந்தவன் திரும்பி, தூக்கிவிடக் குனிந்த விஜயபாண்டியின் சட்டையைப் பிடித்தான்.

“எதுக்குடா ஒதைச்ச?”

“நான் அந்தக் கோட்டுலதான நின்னேன். உங்களுக்குப் பின்னால ஆளே இல்லண்ணே.”

கன்னையன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டான். அறை வாங்கியவன்தான் அவனைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் கற்பகம் அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னார். வலது கெண்டைக்காலை அழுத்தினார், பாதம் அசைந்தது. இடதை அழுத்தினார். கன்னையன் தலையைத் திருப்பிப் பார்த்தான். பாதம் வேறு யாருடையதோ போல அப்படியே கிடந்தது.

“இன்னும் நல்லா அமுக்குங்கம்மா.”

“அமுக்கியாச்சு. குதிகால் தசைநார் அறுந்துபோச்சு. யாரும் உதைக்கல, அறும்போது அப்படித்தான் தெரியும். முன்னாடியே வலிச்சுச்சா?”

அவன் ஆமென்று தலையாட்டினான். அதற்குள் வந்துசேர்ந்திருந்த அவன் மனைவி மகாராணி, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றாள். சுவரோரம் நின்ற விஜயபாண்டியின் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. கன்னையனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

டாக்டர் வலது காலையும் தடவிப் பார்த்தார். “இதுவும் கயிறாட்டம் இறுகிக் கெடக்கு. உடம்பைச் சூடாக்காம ஆடினா அடுத்து இதுதான்.”

அதைக் கேட்டதும் கன்னையன் வலது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

ஆபரேஷன், கட்டு, பயிற்சி என்று மாதங்கள் போயின; ஜீப்பை வேறொருவர் ஓட்டினார். ஒருநாள் பார்க்க வந்த விஜயபாண்டியிடம், “அன்னைக்கு ஒன்னைய…” என்று ஆரம்பித்தான்.

“விடுங்கண்ணே. வலைக்கு முன்னால ஆளில்லாம தோத்துக்கிட்டே இருக்கோம்.”

இப்போது கன்னையன் மறுபடி ஆடுகிறான், எம்பாமல், பின்வரிசையில். போன ஞாயிற்றுக்கிழமை கெண்டை இழுக்கிறது என்று தானே சொல்லி வெளியே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் ஆட்டம் முடியும்வரை நடுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.