கடைசிக் களா நோன்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போது கொஞ்சம் அடங்கியிருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில், கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தபோது அது எந்த நேரமும் தயாராகவே இருந்தது.

பட்டறையும் வீடும் பக்கத்து வீட்டு அக்காவுடையவை. அக்கா என்று நான் கூப்பிட்டாலும் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். கவுண்டர் வீட்டு அம்மா. பட்டறையை மகன் பார்த்துக்கொண்டான், சமையலை மருமகள் பார்த்துக்கொண்டாள், அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டார். தினமும் காலை பதினொரு மணிக்குக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு கை நீளும். அதில் நாட்டுச் சர்க்கரை போட்ட காபி இருக்கும். "ஏனம்மணி, புடி, கை சுடுது" என்பார்.

ரமலான் மாதத்தில் அந்தக் கை வராது. அது மட்டுமா, நோன்பு வைத்திருக்கிற எனக்குத் தாளிக்கிற வாசம் அடிக்கக்கூடாதென்று எங்கள் பக்கத்துச் சன்னலையும் சாத்திவிடுவார். பட்டறைப் புகையையே அடக்க முடியாத இடத்தில் கடுகு வாசத்தை அடக்கப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

நான் சொல்லவரும் சம்பவத்துக்கு முந்தைய ரமலானுக்குப் பத்து நாள் முன்புதான் மகள் பிறந்தாள். பிள்ளை பெற்ற தீட்டில் நோன்பு வைக்கக் கூடாது, அதனால் முப்பதும் போயிற்று. விட்டதைப் பிறகு நோற்றுக் கழிக்க வேண்டும். களா நோன்பு என்போம். அடுத்த ரமலான் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே முடிகிறது? பால் குறைந்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன். ஐப்பசிக்கு மேல்தான் வாரத்துக்கு மூன்று நான்கு என்று பிடிக்க ஆரம்பித்தேன். காலண்டர் கட்டங்களில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஊரே சாப்பிடுகிறபோது தனியாக நோன்பிருப்பது வேறு மாதிரியான கஷ்டம். ரமலானில் பசி எல்லோருக்கும் பொது. களா நோன்பில் பசி உங்களுக்கு மட்டும்தான், உங்கள் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நோன்பு வைக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலமே அக்காவிடம், "நாளைக்கு நோம்புங்க்கா" என்று சொல்லிவைப்பேன். "செரி அம்மணி" என்பார். மறுநாள் காபி வராது.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு ரமலான் வந்தது. அதற்கு முந்தைய ஷஅபான் மாதம் இருபத்தொன்பதாம் நாள். இருபத்தொன்பது வட்டம் போட்டாயிற்று, பாக்கி ஒன்று. அன்று மாலை பிறை தெரிந்துவிட்டால் மறுநாள் ரமலான், எனக்கு ஒன்று நின்றுவிடும். அதனால் அதிகாலையில் எழுந்து இரண்டு வாய் சோறு தின்று இன்றைக்கு நோன்பு என்று மனதில் நிய்யத் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்ததில் அக்காவிடம் சொல்ல மறந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். "ஏனம்மணி, புடி" என்ற குரலும் கையும் சேர்ந்தே வந்தன. ஈரக்கையைச் சேலையில் துடைத்தேன், வாங்கினேன், பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே குடித்தேன். ஒரு வாய் இல்லை, முழு டம்ளர். காலி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் நினைவு வந்தது.

"அய்யோ, நோம்புங்க்கா!"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நீ சொல்லவே இல்லியே கண்ணு..."

சொல்லவில்லைதான். அந்த உண்மைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "உங்களாலதாங்க்கா என் கடைசி நோம்பு போச்சு. இனி எப்ப வெப்பேன்? தெனமும் காபி காபின்னு இப்படியா நீட்டுவாங்க?" என்று கத்தினேன். பிள்ளை விழித்து அழுதது. அக்கா டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திருடியவர் போலப் போனார், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோன்புதான் போய்விட்டதே, இனி எதற்குப் பட்டினி என்று முந்தின நாள் மீன் குழம்பைச் சுடவைத்துச் சோறு போட்டுக்கொண்டேன். கோபத்தில் இரண்டு கரண்டி கூடவே இறங்கியது.

மறதியாகக் குடித்தால் மன்னிப்பு உண்டு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மிடறு, இரண்டு மிடறு என்றால் சரி. ஒரு டம்ளரை முழுசாகக் காலி செய்துவிட்டு மறந்துவிட்டேன் என்று படைத்தவனிடம் எப்படிச் சொல்வது? நானே சட்டம் போட்டு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் பிறை பார்க்கப் போகுமுன் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டுத் திரும்பியவர் இரண்டு சேதி கொண்டுவந்தார். வானம் துடைத்த மாதிரி இருந்தும் பிறை தெரியவில்லை. நாளை ரமலான் இல்லை.

"அப்ப எனக்கு ஒரு நாள் கெடச்சிருச்சு!" என்றேன்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட உன் காபியப் பத்தியும் கேட்டேன்" என்றார். "நெசமாவே மறந்திருந்தா, ஒரு டம்ளர் என்ன, வயிறு முட்டச் சாப்பிட்டாலும் நோம்பு முறியாதாம். அல்லாஹ் கொடுத்து நீ குடிச்சதாம். நெனப்பு வந்த உடனே நிறுத்திட்டு அப்படியே சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கணுமாம்."

"அப்ப என் நோம்பு?"

"காபியில போகல. மீன் கொழம்புலதான் போச்சு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானைக்குள் டம்ளரை மறைத்துக்கொண்டு போன முதுகுதான் கண்ணில் நின்றது. பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் மருமகள் நின்றிருந்தாள். "நல்ல வேளைக்கு வந்தீங்க. அத்தை மத்தியானத்துல இருந்து பச்சத்தண்ணி வாயில வெக்கலீங்க. கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

அக்கா சாமி அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"உன்ற நோம்ப நானு கெடுத்துப்போட்டேன் அம்மணி. அதான், மிச்சப் பொழுத நானாச்சும் இருந்து முடிச்சுப்போடலாம்னு..."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹஜ்ரத் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்கள் கொடுத்த காபியால் ஒன்றும் ஆகவில்லை, அது மேலேயிருந்து உங்கள் கையால் வந்தது, கெடுத்தது நான், மீன் குழம்பு சாப்பிட்டுக் கெடுத்தேன், பழியை உங்கள் மேல் போட்டேன் என்றேன்.

"அப்ப நானு கெடுக்கலியா?"

"இல்லீங்க்கா."

"நெசமாலுமா கண்ணு?"

"நெசமாத்தாங்க்கா."

இன்னும் ஒருமுறை கேட்டார், இன்னும் ஒருமுறை சொன்னேன். வீட்டுக்கு ஓடி, ரமலானுக்கென்று வாங்கி வைத்திருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துவந்தேன். அக்கா அதை வாயில் போட்டுக்கொண்டு, நான் நீட்டிய சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் என் கடைசி நோன்பை வைத்து முடித்தேன், முப்பதாவது வட்டத்தைப் போட்டேன். முந்தின நாள் கட்டத்திலும் ஒரு வட்டம் போட்டேன். என் கணக்கில் அது வராது. அந்த நாளில் நோன்பிருந்தவர் அக்கா.