உறைக்குள் ஒட்டிய முருகன்

மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் பிளாஸ்டிக் கயிறு சிக்கி டப்டப்டப்பென்று அடிக்கும் சத்தம் கேட்டால், இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை, தொண்ணூறுகளின் தொடக்கம், யாரையாவது கடித்துவிடலாம் போலிருந்த என் வயது.

முடியளவே தடித்த கண்ணாடி இழையைப் பெரிய உருளையிலிருந்து சின்ன உருளைகளுக்குச் சுற்றுவது வேலை. சுற்றி முடிந்து இழை அறுபடும்போது உருளை உடனே நிற்காது. அறுந்த வால் சாட்டையாகச் சுழன்று, அதுவரை சுற்றியதையே விளாசும். காயம் கண்ணுக்குத் தெரியாது. சோதனையில் இழை முறியும். அதைத் தடுக்கத்தான் உருளையைச் சுற்றி ஓர் உலோக உறை. உள்பக்கம் வழவழவென்று இருந்தால் வால் சுவரோடு ஒட்டியே ஓடி அடங்கிவிடும்.

என் உருளைகள் வரிசையாகத் தோற்றன. அதே மெஷினில் காலை ஷிப்டு பார்த்த அக்காவுடையவை தேறின.

"இன்னும் ஒண்ணு கெட்டுச்சுனா உன்ன நிரந்தரமாக்க மாட்டாங்க லா" என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

அன்று ஷிப்டு மாறும் நேரத்தில் உறைக்குள் கைவிட்டுத் துடைத்தேன். விரல் இடறியது. தண்ணீர்மலை முருகன், வேலோடு, ஒட்டுப்படமாக. ஒரு மூலை பெயர்ந்து நின்றது. வால் அதில் மோதித்தான் திரும்பிப் பாய்ந்திருக்கிறது. நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். பையை எடுக்க வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏய்! சாமி மேலயா நகத்த வைக்கிற?"

"சாமிய உள்ளுக்கு ஒட்டச் சொன்னது யாரு?"

"வெளிய ஒட்டுனா பிச்சிப் போடுறானுங்க. கண்ணாடித் துண்டு என் கண்ணுக்கிட்ட பாஞ்சப்ப நீயா வந்து காப்பாத்துன?"

"அப்ப ஒங்க உருள மட்டும் எப்டி பாஸாவுது?"

சிரித்தாள். "கடைசியில வேகத்தக் கொறச்சிருவேன். அடிக்கிற சத்தம் கேக்கல? ஒனக்குக் காது எதுக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். நான் தோற்பதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சுரண்டுவதை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

படத்தைச் சுரண்டி எடுத்ததும் உறை வழவழப்பானது. என் உருளைகள் தேறின. என்னை நிரந்தரமாக்கினார்கள், அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். எனக்குத் துளி வருத்தமில்லை, அன்றும் இன்றும்.

போகும்போது ஒரு பையை மறந்துவிட்டாள். "அக்கா, ஒங்க சாப்பாட்டுப் பை" என்று நீட்டினேன்.

வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வேல கெடச்சிருச்சுல்ல? இனிமே என்ன அக்கான்னு கூப்புடாத."