டாக்டர் சிலுவை போட்டால்

எங்கள் பங்கில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், உத்தியோகத்தில் இருப்பவர்கள் கூடிப் பேசுவோம். வங்கியில் இருப்பவர், நர்ஸ், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், மாட்டு டாக்டரான நான். "வேலை செய்யிற இடத்துல உங்க விசுவாசம் எப்படி வெளிய தெரியுது?" என்று பங்குச்சாமியார் ஒருமுறை கேட்டார். நேர்மை, பொறுமை என்று மற்றவர்கள் சொன்னார்கள். என் முறை வந்தது.

"மாடு சாவப்போறதுக்கு அறிகுறியாத் தெரிஞ்சுது, ஃபாதர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா நடவு வேலைக்குப் போனவர். சேற்றில் கால் வைக்கும் முன் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டுக்கொள்வார். கூட நடுகிற பெண்கள், "ஒனக்கு மட்டும் எந்தச் சாமிடி நாத்து நட்டுத் தருது?" என்று கேலி பேசுவார்களாம். "நடவெல்லாம் நாந்தான். இடுப்பு வலிய மட்டும் அது பாத்துக்குது" என்பாராம் அம்மா. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சாதாரணக் காய்ச்சல், கழிச்சல் என்றால் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த மாட்டைப் பார்ப்பேன். வயிறு உப்பித் தரையில் சாய்ந்துவிட்ட மாடு, பூச்சிமருந்து தெளித்த பயிரைத் தின்ற மாடு என்று வந்தால் மட்டும் கை தானாக நெற்றிக்குப் போகும். அப்படிப்பட்ட மாடுகளை நிலைமை முற்றிய பிறகுதான் என்னிடம் காட்டுவார்கள். பாதிக்கு மேல் பிழைக்காது. இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. ஊர் பார்த்துவைத்திருந்தது.

அது தை மாதம், சம்பா அறுவடை நேரம். மேலத்தெருவிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். அவருடைய கிடேரிக்குத் தலையீத்து, முதல் கன்று. வெகுநேரமாக முக்குகிறது, இரண்டு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலையைக் காணோம் என்றார். போனேன். அந்தக் கிடேரியின் தாய் முந்தின வருஷம் என் வைத்தியத்தில்தான் செத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கொட்டகையில் இருந்த ஒரே மாடு இதுதான்.

சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மண்டியிட்டேன். கை நெற்றிக்குப் போனது. அக்கா பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். சிலுவை மட்டும் போட்டுறாதீங்க."

"சும்மா இரு புள்ள. அவரு சாமிய அவரு கும்புடுறாரு" என்றார் அவர் கணவர்.

"ஒங்களுக்கு என்ன தெரியும்? இவரு சிலுவை போட்ட மாடு எது எந்திரிச்சுது? இதோட ஆத்தாளுக்குப் போட்டாரு, போச்சு. கீழத்தெரு எருமைக்குப் போட்டாரு, அதுவும் போச்சு. ஊசி போடுங்க தம்பி, வேற என்ன வேணாலும் பண்ணுங்க. இது வேணாம்."

இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன கணக்கில் பெரிய பிழை இல்லை. பாடம் நடத்தவும் அது நேரமில்லை. அக்கா அதன் தலையைப் பிடித்திருந்தால்தான் கிடேரி அடங்கி இருக்கும். அவர் பதறினால் அதுவும் பதறும். கையை இறக்கினேன். பேனா இல்லாமல் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மனசுக்குள் "பிதா, சுதன்" என்று தொடங்கினேன். முடிப்பதற்குள் கை உள்ளே போய்விட்டது.

கன்றின் தலை பின்பக்கமாக விலாவை ஒட்டித் திரும்பிக் கிடந்தது. கிடேரி முக்காத இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி, தடவித் தடவி மூக்கைப் பிடித்தேன். வாய்க்குள் விரலை விட்டதும் மெல்லச் சப்பியது.

"உசுரு இருக்குக்கா!"

"பேசாம வேலையப் பாருங்க தம்பி" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

தலையைத் திருப்பி நேராக்கியதும் கால்களில் கயிறு கட்டினேன். மாடு முக்கும்போதெல்லாம் அவர் கணவரும் நானும் இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை. வைக்கோலை எடுத்து மூக்கில் விட்டுக் குடைந்தேன். தும்மியது. கிடேரிக் கன்று.

தாய் நக்கத் தொடங்கிய பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார். "இப்ப வேணா போட்டுக்கங்க தம்பி."

போட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கன்று மூச்சு விடுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

பைக்கில் திரும்பும்போது யோசித்தேன். அம்மா ஒவ்வொரு நாளும் சேற்றில் இறங்கும் முன் போட்டது அது. நானோ, மாடு கைவிட்டுப் போகும் என்று தோன்றுகிற இடத்தில் மட்டும் போட்டேன். ஊரார் அதைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தாலும், கோழிக்குத் தடுப்பூசி போட்டாலும் சிலுவை போட்டுக்கொள்கிறேன். கோழிக்கெல்லாம் எதற்கு என்று சிரிக்கிறார்கள். பிழைக்கிறவைதான் அதில் அதிகம் என்பதால் ஊராரின் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துவருகிறது.

அந்த அக்காவுக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை. கன்றை மருந்துக்கு ஓட்டிவரும்போது, நான் கையைத் தூக்கியதும் முந்தானையால் அதன் கண்ணை மூடிவிடுகிறார். நான் முடிக்கும்வரை காத்திருந்து எடுக்கிறார். கன்று நன்றாக வளர்கிறது.